வேப்பிலை வளையம் தொங்கிய வாசல்

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் நல்லம்மாளுக்குத் தெரியாமல் எந்த வீட்டிலும் உலை கொதித்ததில்லை. பால் ஊற்றுவது அவள் தொழில். துருவித் துருவிக் கேட்பது பிறவிக் குணம். "உனக்கெதுக்குடி ஊர் வம்பு?" என்று புருஷன் சின்னையா கேட்டுக் கேட்டுச் சலித்து விட்டுவிட்டான்.

முப்பத்திரண்டாம் வருஷத்துக் கிறிஸ்துமஸ். சாயங்காலப் பாலோடு கடைசி வீட்டுக்கு வந்தவள் படலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள். கதவில் வேப்பிலை தொங்கியது.

அது ரயில்வே ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி பாலசுந்தரத்தின் வீடு. யாழ்ப்பாணத்துக்காரர்கள், சர்ச்சுக்குப் போகும் வேதக்காரர்கள், குடிவந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவன் மனைவி மார்க்கிரட் முந்தின வாரம்தான் வீடு வீடாகப் போய், "நத்தாருக்கு எல்லாரும் வாங்கோ" என்று கிறிஸ்துமஸுக்கு அழைத்திருந்தாள். அழைத்துவிட்டு இப்படி வேப்பிலையைக் கட்டினால் எவள் வருவாள்? அம்மை போட்ட வீட்டில்தானே அதைச் செருகுவார்கள். காலையில் பலகாரம் தின்னப் புறப்பட்ட பெண்களெல்லாம் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வந்த வழியே ஓடிவிட்டார்கள்.

நல்லம்மாளும் திரும்பியிருக்க வேண்டும். அம்மை வீட்டில் கால் வைத்த பால்காரியிடம் யார் பால் வாங்குவார்கள்? பிழைப்பில் மண்தான். ஆனாலும் அந்த வேப்பிலையில் அவளுக்கு ஏதோ இடித்தது. கொத்தாகச் செருகவில்லை, வட்டமாகக் கட்டியிருந்தது. உடைந்த கூடையின் பிரம்பை வளைத்து, பழஞ்சேலையின் சிவப்புக் கரையில் முடிச்சுப் போட்டு, நடுநடுவே குண்டுமணி; உச்சியில் பால்டின் மூடியை வெட்டிச் செய்த நட்சத்திரம். மாரியாத்தாளுக்கு யார் இப்படி ஜோடித்தார்கள்? இதென்ன கூத்து?

உள்ளிருந்து முறுக்கு சுட்ட வாசம் வேறு வந்தது. அம்மை கண்ட வீட்டில் தாளிக்கவே மாட்டார்கள். எண்ணெய்ச் சட்டி எப்படி ஏறும்? கேட்காமல் போனால் அவளுக்குத் தலை வெடித்துவிடும். எதிர்வீட்டு வீரம்மா ஜன்னலில் நின்று பார்க்கப் பார்க்கப் படலைத் தள்ளிக்கொண்டு போனாள்.

"யாருக்கும்மா அம்மை?"

மார்க்கிரட்டின் கண்கள் வீங்கியிருந்தன. "அம்மையோ? ஒருத்தருக்கும் இல்லையே, அக்கா."

"அப்புறம் எதுக்கு வாசல்ல வேப்பிலை?"

"நத்தாருக்கு வளையம் மாட்டுறது எங்கட வழக்கம். வாங்க வசதியில்லை. வீட்டில கிடந்ததுகளை வைச்சு நானே கட்டினன். பச்சை இலை வேணுமெண்டு பின்னால நிண்ட மரத்தில ஒடிச்சன்."

தாயில்லாமல் மிஷன் விடுதியில் வளர்ந்த பெண். அவளுக்கு இதையெல்லாம் யார் சொல்லியிருப்பார்கள்? பாலசுந்தரம் கண்டிருந்தால் பதறியிருப்பான். அவனோ முந்தின நாளிலிருந்தே கிளாங் ஸ்டேஷனில் டூட்டியில் இருந்தான்.

நல்லம்மாள் விஷயத்தைச் சொன்னதும் மார்க்கிரட் வளையத்தைப் பிய்த்தெறியப் போனாள்.

"அட, இரும்மா. இவ்வளவு அழகா செஞ்சுட்டு ஏன் கெடுக்கறே? இலையை மட்டும் உருவு."

வீட்டுக்கு ஓடி ஒரு கை மாவிலை கொண்டுவந்தாள். இருவரும் எல்லார் கண்ணிலும் படும்படி வாசலிலேயே உட்கார்ந்து கட்டினார்கள். கட்டும்போதே நல்லம்மாள் வீரம்மாவைக் கூப்பிட்டுக் கதையைச் சொன்னாள். வீரம்மாவிடம் சொன்னால் போதாதா? விளக்கு வைப்பதற்குள் வீடு கொள்ளாத கூட்டம்.

எல்லாரும் போனபின் மார்க்கிரட் சுவரில் சாய்ந்து அழுதாள்.

"வேதக்காரி வீட்டில கை நனைக்கமாட்டினம் எண்டு நினைச்சன், அக்கா. இனி இஞ்ச இருக்கேலாது எண்டு பெட்டியும் கட்டிப்போட்டன்."

நல்லம்மாள் கட்டிலடியில் கிடந்த பெட்டியை இழுத்துத் திறந்தாள். சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து உதறிக் கொடியில் போட்டாள்.