முப்பது நொடி ஏற்றம்

1. எண்பத்து நான்கு

வெள்ளையம்மாவின் விரலில் மாட்டியிருந்த ஆக்சிஜன் மீட்டர் எண்பத்து நான்கு காட்டியது. உதடு நீலம் பாரித்திருந்தது. கொல்லிமலையில் ஓர் அரசு மருத்துவமனையில் நான் பிசியோதெரபிஸ்டாகச் சேர்ந்த இரண்டாம் வருடம் அது. அவரை முன்பக்கம் சாய்ந்தவாறு உட்காரவைத்து, மூக்கில் ஆக்சிஜன் குழாய் பொருத்தி, உதட்டைக் குவித்து மூச்சை மெதுவாக விடச் சொன்னேன். சில நிமிடங்களில் தொண்ணூறைத் தொட்டது. அதற்குள் டாக்டர் வந்துவிட்டார்.

"என்ன மேடம் இது? இசிஜி பாத்து படியேறுற பயிற்சிக்கு நான்தான் ஓகே சொன்னேன். அதுக்காக இப்படியா? இன்னொரு தடவ இறங்குச்சுன்னா இந்தப் பயிற்சியே வேண்டாம்."

அவர் கோபத்தில் நியாயம் இருந்தது.

வெள்ளையம்மாவுக்கு ஐம்பத்தாறு வயது. பீடியைத் தொட்டதில்லை. விறகடுப்புப் புகையிலேயே நுரையீரல் கெட்டுப் போயிருந்தது. வீடு பெரக்கரை நாடு என்னும் மலைக்கிராமப் பகுதியில், ரோட்டுக்கு வெகு கீழே, சரிவில். இரண்டு வருடமாக மருத்துவமனைக்கு வரவேண்டுமென்றால் நாலு பேர் நாற்காலியில் வைத்துத் தூக்கி வருவார்கள். திருப்பூரில் வேலை பார்க்கும் மகன், அம்மாவைத் தன்னோடு கூட்டிப்போக முடிவு செய்திருந்தான். அவருக்கோ மிளகுத் தோட்டத்தை விட்டுப் போக மனமில்லை.

"நாலு பேரு தூக்கறதுக்கு எனக்கு இன்னும் நாள் கெடக்குதுங்க அம்மணி. நானா ஏறி வரோணும்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

பயிற்சிக்காக மருத்துவமனைக்குப் பக்கத்தில் தங்கை வீட்டில் தங்கினார். முதலில் மெதுநடை கொடுத்தேன். மூன்றாம் நிமிடமே மூச்சு முட்டியது. காலுக்கு வேலையே கிடைக்கவில்லை. அதனால் இன்டர்வெல் முறைக்கு மாறினேன். இன்ஹேலர் எடுத்துக் கால் மணி நேரம் கழித்து, வார்ம்-அப் முடித்து, முப்பது நொடி வேகமாகப் படி ஏறி இறங்க வேண்டும். முப்பது நொடி நிற்க வேண்டும். இப்படிப் பத்துச் சுற்று. மூச்சு முட்டும் முன்பே ஓய்வு வந்துவிடும். கால் மட்டும் நன்றாக உழைத்திருக்கும். மீட்டர் எண்பத்தெட்டுக்குக் கீழே போனால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

2. நிற்க மறுத்தவர்

மீட்டர் எண்பத்து நான்கு காட்டிய அன்று, நான் ரெஜிஸ்டரில் எழுதத் திரும்பிய நேரத்தில், வெள்ளையம்மா ஓய்வே எடுக்காமல் தொடர்ந்து ஏறியிருக்கிறார்.

"ஏங்க்கா நிக்கல?"

"ஓபி வரிசையில எங்கூருப் பொம்பளைக உக்காந்திருந்தாங்க. நின்னா, 'இவ அவ்வளவுதான்'னு சொல்லிருவாங்க."

எனக்கு அது முழுதாகப் புரியவில்லை. அந்தச் சனிக்கிழமை அவர் ஊருக்கே போய்ப் பார்த்தேன். தலையில் மூட்டையோடு மக்கள் நிற்காமல் ஏறிக்கொண்டிருந்தார்கள். நான் தஞ்சாவூர்க்காரி, மேட்டைப் பாடத்தில்தான் படித்தவள். திரும்பி ஏறும்போது நாலு இடத்தில் நின்றேன். வழியனுப்ப வந்த அவர் கணவர் செல்லமுத்து, வாயில் பீடியோடு கேட்டார்: "ஏனுங்க மேடம், அதுக்குள்ள நின்னுட்டீங்க?"

வெட்கத்தில் என் காது சூடானது. அப்போது புரிந்தது.

திங்கட்கிழமை வெள்ளையம்மாவிடம் சொன்னேன்: "நானும் உங்க மேட்டுல நாலு தடவ நின்னேன்க்கா. வெக்கமாத்தான் இருந்துச்சு. ஆனா நிக்கற முப்பது நொடியும் பயிற்சிதான். அத விட்டா நீங்க பாதி வேலைதான் செஞ்சிருக்கீங்க."

அரைகுறை வேலை என்ற பேச்சு அவருக்குப் பொறுக்காது. "அப்படீங்களா? அத மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்றார்.

டாக்டரிடம் என் தவறை ஒப்புக்கொண்டு இன்னொரு வாய்ப்பு கேட்டேன். அடுத்த பயிற்சியின்போது அவரே வந்து பக்கத்தில் நின்றார். வெள்ளையம்மா சத்தமாக முப்பது எண்ணி நின்றார். முப்பது எண்ணி ஏறினார். மீட்டர் தொண்ணூறுக்குக் கீழே இறங்கவில்லை. "சரி, தொடருங்க" என்று சொல்லிவிட்டு டாக்டர் வார்டுக்குப் போனார். நான் அதன்பிறகு எந்தப் பயிற்சியிலும் நோயாளிக்கு முதுகு காட்டியதில்லை.

3. மேட்டில்

வாரம் மூன்று நாள் வீதம் எட்டு வாரம் முடித்து வெள்ளையம்மா ஊருக்குப் போனார். மகன் கூட்டிப்போக வந்த நாளில் நானும் மீட்டரோடு ரோட்டில் நின்றிருந்தேன். கார் தயாராக இருந்தது. கீழே வளைவில் அவர் தலை தெரிந்தது. நின்றார். எண்ணினார். ஏறினார். மறுபடி நின்றார். மகன் பதறி ஓடிப்போய்க் கையைப் பிடித்தான்.

"தொடாத சாமி. எனக்கு இன்னும் பத்து எண்ண வேண்டியிருக்குது."

அவன் கையை எடுத்துவிட்டான்.

மேலே வந்ததும் விரலில் மாட்டிப் பார்த்தேன். தொண்ணூற்றொன்று. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மகனும் குனிந்து மீட்டரைப் பார்த்தான். சாயங்காலம் தனியாகவே திருப்பூருக்கு வண்டியெடுத்தான்.

மறுவாரம் செல்லமுத்து தயங்கித் தயங்கி என் அறைக்கு வந்தார். "அவ பின்னால என்னால ஏற முடியலீங்க மேடம். எனக்கும் அந்த மீட்டர மாட்டிப் பாருங்க."

இளைய பிசியோதெரபிஸ்டுகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வெள்ளையம்மாவுக்கு மறுபடி எடுத்த, நுரையீரல் திறனை அளக்கும் ஊதும் சோதனையில் அளவு துளியும் கூடவில்லை. கெட்ட நுரையீரல் கெட்டபடிதான் இருந்தது. பலம் வந்தது காலுக்கும் மனசுக்கும். மூச்சு வாங்குகிறவரைப் பார்த்து "சும்மா உட்காருங்க" என்பது சுலபம், அன்பு மாதிரியும் இருக்கும். அந்த அன்பே அவரைக் கட்டிலில் கட்டிப்போட்டுவிடும். பக்கத்தில் நின்று, கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டு, அவரைக் கஷ்டப்பட விடுங்கள்.