பதினோராம் நாள் நின்ற அழுகை

கொட்டாரத்து இந்துஜா பி.எட். கல்லூரியில் உளவியல் எடுக்கிறவள். மனசைப் பற்றி நாலைந்து கொள்கை உண்டு என்று எல்லாரையும் போலத்தான் அவளும் பாடம் தொடங்குவாள். ஆனால் ஆழ்மனம், கனவு என்று எவராவது வாயைத் திறந்தால் முகம் சுளித்துவிடுவாள். "மனசை யாரு கண்டா? கண்ணுக்குத் தெரியிறது நடத்தை மாத்திரந்தான்" என்பாள். நடத்தைக் கொள்கைதான் அவளுக்கு வேதம். பரிசு கிடைக்கிற பழக்கம் வளரும், கிடைக்காதது தானே ஒழியும். அவ்வளவுதானாம் மனுசப் பிறவி.

சும்மா சொல்லக்கூடாது, வீட்டிலும் அதைச் செய்து காட்டினாள். மகள் நந்தனாவுக்கு அப்போது இரண்டு வயது, தொட்டதற்கெல்லாம் அழுகை. அழுதால் இந்துஜா சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வாள். ஓய்ந்தபின் வாரி எடுத்து முத்தம். ஒருநாள் பிள்ளை அழுது மூச்சுத் திணறியபோது புருசன் சிவபிரசாத்துக்குப் பொறுக்கவில்லை.

"ஏட்டி, பிள்ளைய எடு. இது என்ன படிப்பு?"

"எடுத்தா அழுகைக்குக் கூலி குடுத்த மாதிரியாக்கும். நீங்க பேசாம இருங்க."

முந்தானையால் காதைப் பொத்திக்கொண்டாள். பொத்தாமல் இருப்பாளா, பெற்றவள்தானே. ஆனாலும் திரும்பவில்லை. பதினோராம் நாள் அழுகை நின்றது. தினமும் எத்தனை நிமிடம் அழுதாள் என்று குறித்ததை வரைபடமாக்கி, ஐந்து வருசமாக வகுப்பில் காட்டி வந்தாள். மாணவிகள் கைதட்டுவார்கள்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் அதே படத்தைக் கரும்பலகையில் வரைந்துகொண்டிருந்தபோது மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து போன். காலையில் வேன் கதவில் பிள்ளையின் விரல் நசுங்கியிருக்கிறது. இடது கையால் சாப்பிடுகிறாளே என்று டீச்சர் மற்ற கையைப் பிடித்துப் பார்த்த பிறகுதான் விஷயம் தெரிந்ததாம். நாலு மணி நேரம் பிள்ளை யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இந்துஜா ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போய்ச் சேரும்போது கட்டுப் போட்டு முடித்திருந்தார்கள். எலும்பு முறிந்திருந்தது. அம்மாவைக் கண்டதும் நந்தனா சிரித்தாள்.

"நான் அழவே இல்லம்மா" என்று கன்னத்தை முத்தத்துக்கு நீட்டினாள்.

இந்துஜாவுக்குச் சீவன் போய்விட்டது. "வலிச்சா அழணும் மக்கா. அழு, அம்மா தூக்கிக்கிடுதேன்" என்றாள். பிள்ளை விளங்காமல் பார்த்தாள். கடைசியில் அவளைக் கட்டிக்கொண்டு இந்துஜாதான் வாய்விட்டு அழுதாள்.

நந்தனா மெல்ல அம்மாவின் கையை விலக்கினாள். கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து, அழுகை ஓயட்டும் என்று காத்திருந்தாள்.