டாக்டர் அன்ரி கேட்ட வாக்கு

டாக்டர் அன்ரி தேர்தலில் தோற்ற நாளை நினைத்தால் எனக்கு இன்றும் குழப்பம்தான். யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை.

நோர்வேயில் நாங்கள் இருக்கும் குரோருட் பக்கத்தில் எங்கள் தமிழ் ஆட்களுக்குள் முதல் பெண் டாக்டர் அவர். யாழ்ப்பாணத்தில் படித்த படிப்பு இங்கே செல்லாது என்றதும், முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தபடி நோர்வேஜிய மொழி படித்து, பரீட்சைகளை மறுபடி எழுதி டாக்டரானவர். அதற்கு முன் அம்மாவின் மாதவிடாய் வலியை ஒரு வெள்ளைக்கார டாக்டருக்கு நான்தான் மொழிபெயர்த்தேன். அப்போது நான் ஆரம்பப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். பாதிச் சொற்கள் எனக்கு எந்த மொழியிலும் தெரியாது. டாக்டர் அன்ரி வந்த பிறகுதான் அம்மா கதவைச் சாத்திவிட்டுத் தனியாகக் கதைத்தார்.

எங்கள் தமிழ்ச் சங்கத்தில் குடும்பத்துக்கு ஒரு வாக்குத்தான். கை தூக்குவது அப்பாமார். கல்யாணம் செய்யாத டாக்டர் அன்ரி தனிக் குடும்பம் என்பதால் பெண்களில் அவருக்கு மட்டும் சொந்த வாக்கு இருந்தது. ஒரு பொதுக்கூட்டத்தில் அவர் எழுந்தார்.

"நான் டாக்டர் எண்டதாலை எனக்கு வாக்குத் தரேல்லை. எனக்குப் புருஷன் இல்லை எண்டதாலை தந்திருக்கிறியள். இது உங்களுக்கு விசராத் தெரியேல்லையோ?"

சபை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. அதன்பிறகு சனிக்கிழமைகளில் ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதிக்கு வரும் பெண்களைக் கோப்பி குடிக்கக் கூப்பிட்டு இருத்தி, இதைப் பற்றிக் கதைப்பார். பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த நானும் கூடப் போவேன். "மனுசன் போடுறது எங்கட வாக்குத்தானே, டாக்டர்?" என்பார்கள். "அப்ப நீர் சாப்பிடுறதையும் அவரே சாப்பிடட்டும்" என்பார் இவர். ஆனால் கிளினிக்கில் யாராவது அந்தப் பேச்சை எடுத்தால், "இஞ்சை வருத்தம், மருந்து மட்டும் கதைப்பம்" என்று நிறுத்திவிடுவார்.

சில வருடங்கள் இழுபட்டு, விதி மாறி ஆளுக்கு ஒரு வாக்கு வந்தது. மாற்றியதும் அப்பாமாரின் கைகள்தான். அடுத்த தேர்தலில் டாக்டர் அன்ரி தலைவர் பதவிக்கு நின்றார். எதிரே, விதியை மாற்றக் கூடாது என்று கடைசிவரை நின்ற பழைய தலைவர். அம்மருட் பள்ளி மண்டபத்தில் இரகசிய வாக்கெடுப்பு. ஆண்களைவிடப் பெண்களே அதிகம் வந்திருந்தார்கள். நான் பூங்கொத்துக்கூட வாங்கி வைத்திருந்தேன்.

டாக்டர் அன்ரி தோற்றார். கொஞ்சநஞ்ச வித்தியாசத்தில் அல்ல.

வீட்டுக்குப் போகும்போது காரில் அம்மா தானாகவே சொன்னார்.

"நான் அவவுக்குப் போடேல்லை."

"என்னம்மா சொல்லுறியள்? உங்களுக்கு வாக்கு வாங்கித் தந்ததே அவதானே!"

"ஓம். அதுக்கு என்ன? என்ர உடம்பிலை உள்ள எல்லாம் அவவுக்குத் தெரியும். அப்பாவுக்குச் சொல்லாததையும் அவவிட்டைச் சொன்னனான். அவ தலைவராகி, எல்லாரோடையும் சண்டை பிடிச்சு, ஒருநாள் என்னோடையும் சண்டை வந்தால் நான் ஆரிட்டைப் போறது?"

கோபத்தில் வாயைத் திறந்தேன். ஆனால் அம்மா சொன்னதில் பிழை எங்கே என்று தேடத் தேட அது நழுவிக்கொண்டே போனது. மற்றப் பெண்களும் இப்படித்தான் நினைத்தார்களா? அதுவும் தெரியாது.

இரண்டு நாள் கழித்துப் பூங்கொத்தை அவர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். தேநீர் தந்துவிட்டு நேராகக் கேட்டார்.

"பிள்ளை, எனக்கு விளங்கேல்லை. உனக்கு ஏதும் விளங்குதோ?"

அம்மா சொன்னது நாக்கு நுனிவரை வந்தது. அது அம்மாவின் வாக்கு, நான் சொல்லலாமா? சொன்னால் அவருக்கு ஆறுதலா, இன்னும் நோகுமா?

"எனக்கும் விளங்கேல்லை அன்ரி" என்றேன். அது முழுப் பொய்யும் இல்லை.

அடுத்த கிழமை அம்மா பிரஷர் பார்க்க அவரிடம் போனார். திரும்பி வந்து, "அவவைப் போல ஒரு டாக்டர் கிடைக்காது" என்றார். டாக்டர் அன்ரி அடுத்த முறையும் நிற்கப் போகிறாராம். அவர் வெல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். அப்படி வென்றால் அம்மா என்ன செய்வார் என்றும் நினைக்கிறேன்.