காணி இல்லாத வீடு

இந்தோனேசியாவுக்குப் போகும்போது என் கணவர் பெட்டிக்குள் முதலில் வைத்த பொருள் ஓர் அளவு நாடா. மஞ்சள் கூட்டுக்குள் சுருண்டு கிடக்கிற இரும்பு நாடா. வெயில் ஊருக்குப் போகிறோம், நாலு பருத்திச் சட்டை போதும் என்று நான் மடித்துக்கொண்டிருக்க, அவர் அதை இழுத்து இழுத்து விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது என்னத்துக்கு?"

"காணி பாக்கப் போறவன் நாடா இல்லாமல் போறதோ? நல்ல கதை."

அவர் மன்னார்க் கரையில் வள்ளம் ஓட்டியவர். மொன்றியலுக்கு வந்தபின் சென்ட் லோரன்டில் ஒரு வெயார்ஹவுஸில் போர்க்லிப்ட் ஓட்டினார். ஊர்க் கடலில் யுத்தம். இறங்கித் தொழில் செய்ய விடமாட்டார்கள். ஒரு கோடையில் தூண்டில் வாங்கிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனார். அவர் பிடித்த மீனைத் திரும்ப ஆற்றில் விட வேண்டும் என்று பக்கத்தில் நின்ற ஒருவர் பிரெஞ்சில் சொல்ல, விட்டுவிட்டு வெறுங்கையோடு வந்தார். "மீனைப் பிடிச்சுப்போட்டு அதிட்ட மன்னிப்புக் கேக்கிற ஊர் இது" என்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அன்றைக்கே எனக்கு விளங்கியிருக்க வேண்டும், இந்த மனிதருக்குக் கடல் இல்லாமல் சரிவராது என்று.

அவரோடு வேலைசெய்த ஓர் இந்தோனேசியக்காரர் இருந்தார். அமைதியான மனிதர், மத்தியானச் சாப்பாட்டில் இருவரும் மிளகாய்ச் சம்பலைப் பரிமாறி நண்பர்களானவர்கள். அவருடைய சொந்த இடம் எங்கேயோ தொலைவில் ஒரு சின்னத் தீவு, மீன்பிடிக் குடியிருப்பு. அங்கே அவருடைய சின்னம்மா தன் வீட்டை விற்கப் போகிறாவாம். படம் காட்டினார். உயரமான தூண்களின்மேல் ஒரு மரவீடு, பின்னால் தென்னை, முன்னால் கடல். அந்தப் படம் எங்கள் வீட்டுப் பிரிட்ஜின் கதவில் ஏறியது. அதோடு என் நிம்மதி போயிற்று.

கியூபெக்கில் அநேகமான வீட்டு வாடகை ஒப்பந்தங்கள் ஜூன் கடைசியில் முடியும். ஜூலை முதலாம் தேதி பாதி நகரம் கட்டில் மெத்தையோடு தெருவில் நிற்கும். இருக்கப் போகிறீர்களா, எழும்பப் போகிறீர்களா என்று வீட்டுக்காரர் பனிக்காலத்திலேயே கேட்பார். அந்த வருடம் கோட்-டெ-நெய்ஜில் நாங்கள் இருந்த வீட்டுக்காரரிடம் இவர் "எழும்புறம்" என்று சொல்லிவிட்டார். என்னைக் கேட்கவே இல்லை. எனக்கு வந்த கோபத்துக்கு இரண்டு நாள் சமையலில் உப்புக் கூடிப்போயிற்று.

வேண்டாம் என்று வீட்டில் இருந்து சொன்னால் கேட்கிற ஆள் இல்லை அவர். கூடப் போய், கண்ணால் பார்த்து, இது சரிவராது என்று அங்கே வைத்துச் சொன்னால்தான் கேட்பார். அதனால்தான் நானும் வெளிக்கிட்டேன். பிள்ளைகளை மொன்றியலுக்குப் பக்கத்தில் டொலார்டில் இருக்கிற என் அக்கா வீட்டில் விட்டோம். அக்கா வாசலில் நின்று, "ஆழம் தெரியாமல் காலை விடாதையுங்கோ" என்றாள். தங்கள் பெற்றோர் எங்கே போகிறார்கள் என்பதைவிட அக்காவின் வீட்டுத் தொலைக்காட்சி பெரிது என்பதுதான் பிள்ளைகளுக்கு முக்கியமாக இருந்தது.

விமானம், பிறகு ஒரு பெரிய கப்பல், பிறகு ஒரு மரப்படகு. போய் இறங்கும்போது என் உடம்பில் உயிர் மட்டும்தான் மிச்சம். நண்பர் விடுமுறையில் எங்களோடு வந்தபடியால் பாஷைக்குக் கஷ்டம் இருக்கவில்லை.

நான் குறை பிடிக்கத்தான் போனேன். குறைகளும் இருந்தன. மின்சாரம் பொழுதுபட்டால்தான் வரும், கொஞ்ச நேரத்தில் போய்விடும். குடிக்க மழைத்தண்ணீர். ஆஸ்பத்திரி என்றால் படகேற வேண்டும். பள்ளிக்கூடம் சின்ன வகுப்புகளோடு முடிந்துவிடுகிறது. இத்தனையையும் நான் மனதுக்குள் அடுக்கி வைத்துக்கொண்டேன், அவர் வாயைத் திறந்தவுடன் எடுத்து வீசலாம் என்று.

ஆனால் கண் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. வீடுகள் எல்லாம் ஆள் உயரத்துக்குமேல் தூண்களில் நின்றன. பகல் வாழ்க்கை முழுவதும் அந்த வீடுகளுக்குக் கீழே, நிழலில் நடந்தது. வலை பின்னுவது அங்கே, நெத்தலி பிரிப்பது அங்கே, இரண்டு தூணுக்கு நடுவே ஏணை கட்டிப் பிள்ளை ஆட்டுவதும் அங்கேதான். ஒருத்தி பிரித்துக்கொண்டிருந்த மீனை விட்டுவிட்டு எழும்பினால் அடுத்தவள் வந்து உட்கார்ந்து பிரித்தாள். யாருடைய மீன் என்ற கேள்வி இல்லை. கடலுக்குப் போகமுடியாத வீட்டுக்கும் படகு வந்தவுடன் ஒரு கோர்வை மீன் போயிற்று. காற்றில் முழுக்கக் கருவாட்டு மணம். மொன்றியலில் கருவாடு பொரித்தால் யன்னலைத் திறந்து, கதவின் கீழ் துணி அடைத்துப் பொரிக்கிற நான், அங்கே மூச்சை இழுத்து இழுத்து விட்டேன். பெண்கள் பின்னேரத்தில் சாரத்தைக் குறுக்கே கட்டிக்கொண்டு கடலில் இறங்கினார்கள். என்னையும் கையைப் பிடித்து இழுத்தார்கள். கடற்கரையில் பிறந்தவள் நான். கலியாணத்துக்குப் பிறகு கடலில் முழுகியதில்லை. அன்றைக்கு முழுகினேன். எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதைக் கணவரிடம் சொல்லவில்லை. தடுக்க வந்தவள் அல்லவா?

அடுத்த நாள் சின்னம்மாவின் வீட்டுக்குப் போனோம். குள்ளமான மனுசி, வாயில் பல் குறைவு, சிரிப்புக்குக் குறைவில்லை. கணவர் இறந்தபின் மகளோடு வேறு தீவில் போய் இருக்கப் போகிறா. என் கணவர் வீட்டை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நேரே மூலைத் தூணடிக்குப் போய், நாடாவின் நுனியை என்னிடம் தந்து, "பிடியும்" என்றுவிட்டு நிலத்தை அளக்கத் தொடங்கினார். வடக்கே எல்லை எது, கிணறு பங்கா தனியா, காணி உறுதிப் பத்திரம் யார் பெயரில் என்று நண்பரிடம் கேட்டபடி பின்பக்கமாக நடந்து போனார். சின்னம்மா முதலில் விளங்காமல் பார்த்தா. விளங்கியதும் ஏணிப்படியில் குந்திவிட்டா. அப்படிச் சிரிப்பு.

நண்பருக்கு வெட்கமாகப் போய்விட்டது. வீடுதான் விற்பனைக்கு, நிலம் இல்லை என்றார். நிலம் செத்துப்போன சித்தப்பாவின் சகோதரர்களுடையதாம்.

"அப்ப வீட்டை வாங்கி என்ன செய்யிறது?" என்று என் கணவர் கேட்டார்.

"கொண்டு போவது" என்றார் நண்பர்.

எங்கள் ஆட்களுக்கு வீடு என்றால் காணியோடுதான் வீடு. சீதனம் எழுதினாலும் சண்டை பிடித்தாலும் காணிதான் முன்னால் வரும். காணி இல்லாத வீட்டைத் தோளிலா சுமப்பது என்று என் கணவர் பகிடியாகக் கேட்டார். ஓம், தோளில்தான் என்று அவர்கள் சாதாரணமாகச் சொன்னார்கள். வெள்ளிக்கிழமை ஒரு வீடு போகிறது, நின்று பாருங்கள் என்றார்கள்.

வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் தொழுகை முடிந்ததும் ஒலிபெருக்கியில் அழைப்பு வந்தது. ஓர் இளம் தம்பதியின் வீட்டைப் படகுத்துறைக்குக் கிட்டக் கொண்டுபோக வேண்டும். கண்ணாடி, பீங்கான் எல்லாவற்றையும் பெண்கள் முதலே இறக்கி வைத்திருந்தார்கள். தூண்களோடு நெடுக்கும் குறுக்கும் மூங்கில் கட்டியிருந்தது. ஆண்கள் வந்தார்கள், வந்துகொண்டே இருந்தார்கள். அந்தக் குடியிருப்பில் இத்தனை ஆண்கள் இருக்கிறார்கள் என்றே எனக்குத் தெரியாது. நான் திரும்பிப் பார்த்தபோது பக்கத்தில் நின்ற என் மனுசனைக் காணவில்லை. சேட்டைக் கழற்றிவிட்டு ஒரு மூங்கிலுக்குக் கீழே தோளைக் கொடுத்து நின்றார்.

ஒருவர் குரல் கொடுத்தார். வீடு எழும்பியது. கூரையோடு, யன்னலோடு, யன்னலில் ஆடிய திரைச்சீலையோடு எழும்பி நடந்தது. வீட்டைக் கட்டிப்பார் என்றுதான் எங்கள் பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். தூக்கிப்பார் என்று ஒருவரும் சொல்லவில்லை. பாதி வழியில் ஒரு தூண் மணலில் புதைந்து, வீடு ஒரு பக்கம் சரிந்தது. அந்த நேரம் அடியில் இருந்து "ஏலேலோ" என்று ஒரு குரல். கரைவலை இழுக்கும்போது ஊரில் போடுகிற சத்தம், இவருடைய குரல். பக்கத்தில் நின்றவர்கள் தங்களுக்கு வந்தமாதிரி அதைத் திருப்பிச் சொன்னார்கள். வீடு நிமிர்ந்தது. வெயிலில், வேர்வையில், முழுப்பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டு அந்த வீட்டின் அடியில் நடந்து போனவரைப் பல வருடங்களாக நான் பார்க்கவில்லை. போர்க்லிப்டில் இருந்து இறங்கி வருகிறவரைத்தான் பார்த்திருந்தேன்.

பிறகு எல்லோருக்கும் மீனும் சோறும். சின்னம்மா எங்களுக்கு முன்னால் வந்து குந்திக்கொண்டு நண்பர் மூலம் கேட்டா: உங்கள் ஊரில் வீடு மாறும்போது எத்தனை பேர் வருவார்கள்?

"ஒருத்தரும் இல்லை. லொறி ஒண்டு பிடிப்பம். நானும் இவவும் ஏத்துவம்" என்றார் என் கணவர்.

சின்னம்மா தன் தட்டில் இருந்த பெரிய மீன்துண்டை எடுத்து அவருடைய சோற்றின்மேல் வைத்தா. அவர் அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் சாப்பிடாமல் இருந்தார்.

ஊர்த் தலைவர் கடைசியில் விஷயத்தைத் தெளிவாகச் சொன்னார். வெளிநாட்டுக்காரர் அங்கே நிலத்தைச் சொந்தமாக வாங்கச் சட்டம் விடாது, அவர்களும் விற்கமாட்டார்கள். ஆனால் வீட்டை வாங்கினால் அதை வைக்க இடம் தருவார்கள். தூக்கித் தர ஆட்கள் இருக்கிறார்கள். இருக்கிறவரை இருக்கலாம். போனால் இடம் ஊருக்கு. எனக்கு அந்தப் பேச்சு பிடித்துக்கொண்டது. மன்னாரில் எங்கள் காணிக்கு உறுதி இருக்கிறது, பிளாஸ்டிக் பையில் சுற்றி அலுமாரியில் வைத்திருக்கிறோம். யுத்தத்தால் காணிக்குள் கால்வைக்க முடியாது. இவர்களிடம் உறுதி இல்லை, வீட்டையே தூக்கிக்கொண்டு ஊரெல்லாம் நடக்கிறார்கள். இவர்களுக்கு நடுவில் வாழ்ந்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. ஆஸ்பத்திரி, மின்சாரம், பள்ளிக்கூடம் என்று நான் அடுக்கி வைத்திருந்த குறைகளில் ஒன்றையும் எடுத்து வீசவில்லை. இங்கே வந்து இருப்பமோ என்று இவர் கேட்கட்டும், ஓம் என்று சொல்வோம் என்று இருந்தேன்.

இவர் கேட்கவில்லை. தலைவரிடம் யோசித்துச் சொல்கிறேன் என்றார். படகில் கேட்கவில்லை, விமானத்திலும் கேட்கவில்லை. மொன்றியலில் பனி உருகிச் சேறாகக் கிடந்தது. பிரிட்ஜில் இருந்த படம் அப்படியே இருந்தது. இவர் சத்தமில்லாமல் சென்ட் லோரன்டில் ஒரு மூன்றாம் மாடி வீட்டைப் பார்த்து வந்தார். தற்காலிகமாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நான் வேலைசெய்த கார்டெரியின், பிள்ளைகள் காப்பகத்தின், குசினியில் காரட் நறுக்கும்போதெல்லாம் அந்த வீடு எனக்குள் நடந்துபோனது.

ஜூன் மாதம் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து எல்லோரும் கோயில் வாசலில் நிற்க, இவர் ஒவ்வொருவராகப் போய்க் கதைத்தார். வந்த காலம் தொடக்கம் ஒருவரிடமும் ஓர் உதவி கேட்காத மனிதர். ரோஷக்காரர். "ஜூலை முதலாந்தேதி வீடு மாறுறம். ஒரு கை தருவியளோ?" என்று அவர் கேட்டதை நான் தள்ளி நின்று கேட்டேன். என் காதையே நம்ப முடியவில்லை.

வந்தார்கள். அக்காவின் மனுசன் அத்தான் வந்தார், கோயில் பாட்டுக் குழுவில் பாடுகிற அண்ணை வந்தார், முகம் மட்டும் தெரிந்த பெடியன்கள் வந்தார்கள், இந்தோனேசிய நண்பரும் வந்தார். வெளியே சுற்றிச் சுற்றி ஏறுகிற இரும்புப் படியில் பிரிட்ஜ் இரண்டாம் மாடித் திருப்பத்தில் சிக்கிக்கொண்டது. இவர் அடியில் நின்று "ஏலேலோ" என்றார். மேலே நண்பர் அதைத் திருப்பிச் சொன்னார். பிறகு எல்லோரும் சொன்னார்கள். கீழ்வீட்டுப் பிரெஞ்சுக் கிழவர் பல்கனியில் வந்து நின்று கைதட்டினார்.

வேலை முடிந்து எல்லோரும் சோடா குடித்துக்கொண்டு நிற்க, இவர் பாட்டுக்கார அண்ணையின் தோளில் தட்டி, "அடுத்த ஜூலை உங்கட வீடு மாறேக்க நான் வாறன். லொறியை மட்டும் பிடியுங்கோ" என்றார்.

அடுத்த ஜூலை. நான் கையில் பிடித்திருந்த சட்டியைக் கீழே வைத்தேன்.

எல்லோரும் போனபின் குசினியில் வைத்துக் கேட்டேன். "அப்ப தீவுக்குப் போறேல்லையோ?"

"அந்த மனுசி கேட்டது மண்டைக்குள்ள நிண்டிட்டுது. இஞ்ச ஆர் இருக்கினம் எண்டு நான் கூப்பிட்டே பாக்கேல்லை. கூப்பிட்டுப் பாத்தன், வந்திட்டினம். வந்தாப் பேந்து நான் எப்பிடி விட்டிட்டுப் போறது?"

எனக்குப் பெருமையாகவும் இருந்தது, அழுகையும் வந்தது. "நீங்கள் கேட்டிருந்தா நான் வந்திருப்பன்" என்றேன்.

அவர் அப்படியே என்னைப் பார்த்தார். "நீர் தடுக்கவெல்லோ வந்தனீர்?"

"தடுக்கத்தான் வந்தனான். வீடு எழும்பினாப் பிறகு அந்த எண்ணம் போட்டுது."

"அதை அங்கயே சொல்லியிருக்கலாமே."

"அங்கயே கேட்டிருக்கலாமே."

அவர் பிரிக்காத பெட்டியொன்றின்மேல் உட்கார்ந்துவிட்டார். அந்த நேரம் அவர் கேட்டிருந்தால் நான் மறுபடியும் பெட்டி கட்டியிருப்பேன். நான் கேட்டிருந்தால் அவரும் கட்டியிருப்பார் என்று நினைக்கிறேன். இருவருமே கேட்கவில்லை. கொஞ்சம் கழித்து அவர் எழும்பி, காற்சட்டைப் பைக்குள் இருந்து அந்த மஞ்சள் நாடாவை எடுத்தார். சுவரோடு மேசை வருமா என்று பார்க்க வேண்டுமாம். "பிடியும்" என்றார். நான் மறுநுனியைப் பிடித்துக்கொண்டேன்.