பின்னல் பார்த்து வாங்கும் ஜமீலா

பாபு விலையைச் சொல்வதற்குள் ஜமீலா கேபிளின் நுனியை வெட்டிவிட்டார். கறுப்புத் தோலைச் சீவி எடுத்து, உள்ளே இருந்த செம்புப் பின்னலை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். பின்னலின் இடுக்குகளில் உள்ளிருக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் தெரிந்தது. உதட்டைப் பிதுக்கினார்.

“இன்னா பாபு, பொண்ணுக்கு ஜடை பின்னச் சொன்னா இப்டியா இழுத்து உடுவே? வேற எடு.”

அம்பத்தூர் எஸ்டேட்டில் ரேடியோ சாமான் விற்கும் பாபுவுக்கு இது பழக்கம். அடுத்த சுருளை இறக்கிப் போட்டார். ஜமீலா கைப்பையிலிருந்து காந்தத்தை எடுத்தார். பேத்தியின் பொம்மைக் காந்தம், மாம்பழ வடிவில். நடுக்கம்பியில் வைத்துப் பார்த்தார். ஒட்டவில்லை, எஃகு இல்லை. பிளேடால் கம்பியைச் சுரண்டினார். வெள்ளை தெரிந்தால் உள்ளே அலுமினியம். தெரியவில்லை. அடிவரை செம்புதான்.

“நகைக்கடை கணக்கா ஒரசிப் பாத்துகினு கீறியேம்மா!”

“நகை பீரோல தூங்கும், நைனா. இது மழையில நிக்கணும். கனெக்டர் காட்டு. சால்டரிங் அயர்னையும் கொஞ்சம் சொருகு.”

கேபிளின் நுனியில் மாட்டும் கனெக்டருக்குள் இருக்கும் வெள்ளை வளையத்தில் சூட்டுக்கோலை வைத்துப் பார்ப்பார். உருகினால் வெறும் பிளாஸ்டிக். அதை அப்படியே பாபுவின் பக்கம் தள்ளிவிடுவார்.

அறுபதைத் தாண்டிய ஜமீலா பூந்தமல்லியில் மகன் வீட்டு மாடி அறையில் இருக்கிறார். எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் டிரான்ஸ்பார்மருக்குக் கம்பி சுற்றி ஓய்வு பெற்றவர். உரிமம் வாங்கி, சொந்த வானொலி நிலையம் வைத்து, முகம் தெரியாதவர்களோடு பேசும் ஹாம் ரேடியோ பித்து இளவயதில் தொற்றியது. வயிற்றில் பிள்ளையோடு, தட்டித் தட்டியே சேதி அனுப்பும் மோர்ஸ் பரீட்சைக்குப் போனவர். அதனால்தான் மகன் இன்றும் சாப்பாட்டு மேசையில் விரலால் தட்டிக்கொண்டே இருக்கிறான் என்பார்.

ரேடியோவைவிட, அதையும் ஆன்டெனாவையும் இணைக்கும் கேபிள் மீதுதான் அவருக்குக் கண். “கெட்ட வயரு, நம்ம பேசறதுல பாதியை வழியிலியே முழுங்கிடும். மிச்சம் மீதிதான் வானத்துக்கு.”

தினமும் காலையில் ஒரு கூட்டம் வானலையில் கூடும். ஒருகாலத்தில் அது சந்தைபோல இருந்தது. ஆவடியிலிருந்து ஒருவர் வானிலை சொல்வார். திருநின்றவூர்க்காரர் யாரையும் முடிக்கவிடமாட்டார். செம்பரம்பாக்கத்துக்காரர் பேசும்போதெல்லாம் பின்னால் அவர் வீட்டுச் சேவல் கூவும். ஒவ்வொரு குரலாக அடங்கிவிட்டது. ஜமீலாவுக்கு இன்றும் அந்தச் சேவல்வரை காதில் நிற்கிறது. பழைய ஆட்களில் மிஞ்சியவர் அயனம்பாக்கத்துக் கங்காதரன் ஒருவர்தான். பெருவெள்ளத்தின்போது கைபேசிகள் செத்துக் கிடந்த நாட்களில், கார் பேட்டரியை ரேடியோவில் மாட்டிக்கொண்டு, மாடியில் சிக்கியவர்களின் சேதியை அவர் சொல்லச் சொல்ல ஜமீலா வாங்கி மீட்புக்காரர்களுக்கு அனுப்பியிருக்கிறார். அதிலிருந்து அவருக்கு இவர் ‘தங்கச்சி’. இவருக்கு அவர் ‘அண்ணே’.

கங்காதரனுக்குப் பக்கவாதம் வந்தபின் நாக்கு கொஞ்சம் குழறியது. அதோடு அவருடைய அலையும் மெலிந்தது. இரைச்சலுக்குள் அந்தக் குழறல் கரைந்து போயிற்று. வேலப்பன்சாவடிப் பக்கம் எழும்பிய அடுக்குமாடிதான் மறைக்கிறது என்று எல்லாரும் சொன்னார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அவர் முடிக்கும்வரை காத்திருக்கப் பொறுமையில்லை. ஒருநாள் இரைச்சலுக்கு நடுவே, “எல்லாருக்கும் தொல்ல... நாளைலேர்ந்து நான் வரல” என்பது மட்டும் ஜமீலாவுக்குப் புரிந்தது.

கைபேசியில் கூப்பிட்டார். “நல்லாருக்கியா” என்று கேட்டுவிட்டுக் கங்காதரன் போனை மனைவி வடிவிடம் கொடுத்துவிட்டார். போனில் பேச விஷயம் வேண்டும். ரேடியோவில் ஆள் இருந்தால் போதும்.

ஜமீலா முதலில் தன் மாடியைத்தான் சந்தேகப்பட்டார். ஆன்டெனாவின் அடியில் கனெக்டரைக் கழற்றிப் பார்த்தார், பளிச்சென்று இருந்தது. மற்றவர்கள் குரலும் தெளிவாகவே வந்தது. அப்படியானால் கோளாறு அந்தப் பக்கம்.

அதற்காகவே பாபுவிடம் பார்த்து வாங்கிய சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு அயனம்பாக்கத்துக்கு பஸ் ஏறினார்.

கங்காதரன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். “எதுக்கு தங்கச்சி வெயில்ல? பில்டிங்க நகத்தவா முடியும்?”

“நகத்தலாமான்னு பாக்கத்தாண்ணே வந்துகிறேன்.”

மொட்டைமாடிக்கு வடிவும் கூடவே ஏறினார். இரண்டு வருடத்துக்கு முன் மேலே ஒரு தளம் எழுப்பியபோது ஆன்டெனாவும் உயரம் போயிருந்தது. ஜமீலா கேபிளைத் தடவிக்கொண்டே போனார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கை நின்றது. பழைய கேபிள் எட்டவில்லை என்று, வேலைக்கு வந்த யாரோ மெல்லிய டிவி கேபிளை முறுக்கி ஒட்டுப்போட்டு, கறுப்பு டேப் சுற்றிவிட்டுப் போயிருந்தார்கள். ஜமீலா அந்த இடத்தில் வெட்டினார். வெட்டிய வாயிலிருந்து தண்ணீர் சொட்டியது. செம்பு முழுக்கப் பச்சையும் கறுப்புமாகப் பூத்திருந்தது.

மாடிச் சுவரோரம் வந்து கீழே எட்டிப் பார்த்தார். “அண்ணே! உங்க பில்டிங்கு இங்கதான் கீது!”

புதுக் கேபிளை ஒட்டில்லாமல் ஒரே நீளமாக இழுத்தார். கனெக்டரைப் பற்றவைக்கும்போது காற்று சூட்டைத் தின்றது; வடிவு குடையை விரித்து மறைத்துப் பிடித்தார். ஈயம் பின்னலுக்குள் ஊறி இறங்கும்வரை ஜமீலா சூட்டுக்கோலை எடுக்கவில்லை. மூட்டின்மேல் ரப்பர் டேப்பை இழுத்து இழுத்துச் சுற்றினார். ஜன்னலுக்குள் நுழையுமுன் கேபிளைக் கீழே தொங்கவிட்டு வளைத்தார்; மழை அங்கேயே சொட்டிப் போய்விடும்.

“இவ்ளோ நாளா அந்தாளு நாக்கு மேலயே பழியப் போட்டுகினு உக்காந்துருந்தாரு, ஜமீலா” என்றார் வடிவு. குடையை அவர் இன்னும் மடக்கவில்லை.

கீழே கங்காதரன் மைக்கைக் கையில் எடுத்தார். கேட்கக்கூடிய ஆள் எதிரிலேயே நிற்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது. “கேக்குதா?” என்று ஜமீலாவின் முகத்தைப் பார்த்தே கேட்டார். மூவரும் சிரித்துவிட்டார்கள்.

மறுநாள் காலை ஜமீலா நேரத்தோடு ரேடியோவைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். கூட்டம் தொடங்கியது. ஒருவர் பேசினார், இன்னொருவர் பேசினார். பிறகு கொஞ்சம் அமைதி. யாரோ கூட்டத்தை முடிக்கப்போகும் சமயத்தில் அந்தக் குரல் வந்தது. குழறல் அப்படியே இருந்தது. ஆனால் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, அறைக்குள் உட்கார்ந்து பேசுவதுபோலக் கேட்டது.

“எல்லாருக்கும்... வணக்கம். அயனம்பாக்கத்துலேர்ந்து... கங்காதரன் பேசறேன். கொஞ்சம்... மெதுவாத்தான் பேசுவேன்.”

“மெதுவாவே பேசுங்க சார், சூப்பரா கேக்குது” என்றான் புதியவர்களில் ஒருவன்.

கங்காதரன் பேசினார். மழை வருமா என்றார், ஏரியில் தண்ணீர் ஏறியதைச் சொன்னார், திருநின்றவூர்க்காரரை நினைவுகூர்ந்தார். யாரும் குறுக்கிடவில்லை. கடைசியில், “தங்கச்சி, இருக்கியா?” என்றார்.

பதில் சொல்ல ஜமீலா மைக்கை எடுத்தார். ஆனால் கங்காதரன் பேசுவதற்கு அழுத்திய பொத்தானிலிருந்து கையை எடுக்க மறந்திருந்தார்; எடுக்கும்வரை இந்தப் பக்கம் கேட்கத்தான் முடியும். குக்கர் விசிலடித்தது. “காப்பி ஆறுது பாரு, ஊரெல்லாம் அப்பால விசாரிக்கலாம்” என்று வடிவின் குரல். நாற்காலி இழுபட்டது. கங்காதரன் காப்பியை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

ஜமீலா மைக்கை ஓசைப்படாமல் மேசைமேல் வைத்துவிட்டு, நாற்காலியை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.