கிடியனின் மனைவிக்கு ஒரு பெயர்

வெர்டியின் புருஷன் சாகும்போது அவளுக்கு விட்டுப்போனது ஓர் இழுவை லாரியும் கொஞ்சம் கெட்ட பெயரும். கெட்ட பெயரை அவள் சீக்கிரமே துடைத்துப் போட்டாள். லாரியை வைத்துக்கொண்டாள். கென்டக்கி மலையின் அந்தப் பக்கத்தில் எந்த வளைவில் எவன் வண்டி பள்ளத்தில் இறங்கினாலும் வெர்டிக்குத்தான் ஆள் போகும். சங்கிலியை மாட்டிக்கொண்டே, "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்பாள். தன்னை யாராவது அப்படிக் கேட்டால் புருஷன் வீட்டுப் பெயரைச் சொல்லமாட்டாள். "நான் லெட்ஃபர்ட்" என்பாள். அதற்குமேல் ஒன்றும் வேண்டியதில்லை என்பது போல இருக்கும் அந்தத் தொனி.

அதில் நியாயமும் இருந்தது. அந்தப் பள்ளத்தாக்கில் முதல் மரத்தை வெட்டியவன் கிடியன் லெட்ஃபர்ட். அந்த மாவட்டத்துக்கு ஒரு பெயர் வைப்பதற்கு முன்பே, ஒரு கோடாலியும் ஒரு பசுவும் மனைவியுமாகக் கணவாய் வழியாக வந்து சேர்ந்தவன். சில வருஷம் கழித்து, உப்பு வாங்கக் கணவாய்க்கு அப்பால் போனவன் காய்ச்சலில் விழுந்து, இரண்டு குளிர்காலம் திரும்பவில்லை. இரண்டு கைக்குழந்தைகளோடு அந்தப் பெண் தனியாக இருந்தாள். வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகளுக்கு நடுவே மண்வெட்டியால் கொத்திச் சோளம் போட்டாள். ஓநாய்க்குப் பயந்து பசுவை வீட்டுக்குள்ளேயே கட்டினாள். கிடியன் ஒருநாள் எலும்பும் தோலுமாக வந்து வாசலில் நின்று, "உள்ளே யாராவது உயிரோட இருக்கீங்களா?" என்று கேட்டானாம். "இருக்கோம். வரும்போது விறகை எடுத்துக்கிட்டு வா" என்று பதில் வந்ததாம்.

இதைச் சொல்லாத லெட்ஃபர்ட் கிடையாது. சொல்லும்போது நெஞ்சு நிமிராத லெட்ஃபர்டும் கிடையாது. ஆனால் அவள் பெயர் மட்டும் யாருக்கும் தெரியாது. குன்றின் மேலிருந்த கல்லறைக் கல்லில் கிடியனின் பெயர் பெரிதாகவும், கீழே 'அவன் மனைவி' என்று சிறிதாகவும் செதுக்கியிருந்தது. பழைய பதிவுகளோ கோர்ட்டுக் கட்டிடத்தோடு எரிந்துபோய்விட்டன.

கைக்குழந்தைகளாக இருந்த ஏலியும் ரூபனும் வளர்ந்து, கல்யாணமான கையோடு ஓர் ஊற்றுக்காக அடித்துக்கொண்டார்கள். மேலே இருந்த ஏலி மாவு மில்லுக்காகத் தண்ணீரைக் கட்டினான். கீழே ரூபனின் சோளம் கருகியது. அன்றைக்குப் பிரிந்தவர்கள்தான் மேல் ஓடை லெட்ஃபர்டுகளும் கீழ் ஓடை லெட்ஃபர்டுகளும். மில் இடிந்தது, ஊற்றும் வற்றியது, பகை மட்டும் வற்றவில்லை. கல்லறை ஒன்றுதான் என்றாலும், அதைச் சுத்தம் செய்து பூ வைத்துக் கூடிச் சாப்பிடும் ஞாயிறு ஆளுக்கு ஒன்று. மே மாதக் கடைசி ஞாயிறு மேல் ஓடைக்கு. ஜூன் முதல் ஞாயிறு கீழ் ஓடைக்கு. வெர்டி மேல் ஓடைக்காரி.

எழுபதுகளில் ஒரு குளிர்காலம், பனியின் பாரம் தாங்காமல் ஓக் மரக்கிளை முறிந்து விழுந்து கிடியனின் கல் இரண்டாகப் பிளந்தது. சர்ச் முடிந்ததும் மேல் ஓடைக்காரர்கள் கூடிப் புதுக் கல் வைப்பதென்று முடிவு செய்தார்கள். அந்தக் குடும்பத்தில் எதற்கும் முன்நிற்பவன் டாயில், வெர்டிக்குப் பெரியப்பா மகன்.

"பழசுல இருந்த மாதிரியே வெட்டிடச் சொல்லிட்டேன்" என்றான் டாயில்.

"அவன் மனைவின்னேவா?"

"வேற என்னன்னு வெட்டுறது? இத்தனை காலம் அப்படித்தானே கிடந்துச்சு."

"கிடந்துச்சு சரி. இப்ப நாம வெட்டுறோம்ல? ரெண்டு குளிர்காலம் தனியா கிடந்து நம்ம வம்சத்தையே காப்பாத்தினவ. அவளுக்கு ஒரு பேரு வேண்டாமாண்ணே?"

"கண்டுபிடிச்சுட்டு வா, வெட்டிடுவோம். மே கடைசிக்குள்ள வா. உன் லாரி வேகத்துக்குப் பார்த்தா கிறிஸ்துமஸ்தான் ஆகும்." எல்லாரும் சிரித்தார்கள். வெர்டியும் சிரித்தாள். ஆனால் வீட்டுக்குப் போகவில்லை. நேரே ஹேலி அத்தையிடம் போனாள்.

தொண்ணூறு தாண்டிய ஹேலி அத்தை அடுப்படியில் பீன்ஸ் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, உங்களுக்கு யார் பேரை வச்சாங்க?"

"ஹேலின்னா மஹேலா. எங்க பாட்டி பேரு. எங்க பாட்டிக்கு அவங்க அத்தை பேரு. ஏலியோட மூத்த மக அந்த அத்தை. சும்மா நிக்காதே, அந்தக் கூடையை இங்க தள்ளு."

பாட்டி பெயரைப் பேத்திக்கு வைப்பது அந்த மலையிலும் வழக்கம்தான். அதிலும் முதல் பெண் பிறந்தால் அப்பாவைப் பெற்றவளின் பெயர் என்பது அந்தக் காலத்தில் மாறாத முறை. அப்படியானால் ஏலியைப் பெற்றவள் பெயரும் மஹேலாதான் என்று வெர்டி டாயிலிடம் ஓடினாள். ஆனால் டாயில் ஒரே பேச்சில் அதைக் கவிழ்த்துவிட்டான். "ஏலி பெண்டாட்டி தன் பிறந்த வீட்டுப் பேரை வச்சிருந்தா? அவளுக்கு மட்டும் அம்மா கிடையாதா?"

வெர்டிக்குக் கோபம் வந்தாலும், சொன்னது சரி என்று பட்டது. இதைத் தீர்க்க ஒரே வழிதான் இருந்தது. ரூபன் வீட்டிலும் மூத்த மகளுக்கு அதே பெயர் இருந்ததா என்று பார்க்கவேண்டும். அதற்குக் கீழ் ஓடைக்காரர்களிடம் போய் நிற்கவேண்டும்.

போய் நிற்கிற வேலையை மார்ச் வெள்ளம் மிச்சப்படுத்திவிட்டது. கீழ் ஓடையின் தலைக்கட்டு பர்ல் லெட்ஃபர்ட், எழுபது வயசிலும் முரட்டு ஆள். அவருடைய வண்டி பாலத்தடியில் மூக்கைச் சேற்றில் குத்திக் கிடந்தது. வந்து இறங்கிய வெர்டியைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மேல் ஓடைத் தண்ணிதான் தள்ளிவிட்டுச்சு" என்றார். "இப்ப இழுக்கவும் மேல் ஓடைக்காரியே வந்திருக்கா."

"இழுக்கட்டுமா, இல்ல இங்கயே குடியிருக்கீங்களா?"

"வாய் பெருசுதான் உங்களுக்கு. எங்க கோவேறு கழுதை ஒண்ணுக்கு ஏலின்னு பேரு வச்சிருந்தோம். அதுவும் இப்படித்தான் கத்தும்."

"எங்க வீட்டுல ரூபன்னு ஒரு பன்னி இருந்துச்சு. நல்லா கொழுத்துச்சு." வெர்டி சங்கிலியை மாட்டி லாரியைக் கிளப்பினாள். வண்டி மேலே வந்ததும் இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "பெரியவரே, ஒண்ணு கேக்கணும். உங்க வீட்டுல மஹேலான்னு யாராச்சும் உண்டா?"

பர்ல் சட்டென்று திரும்பிப் பார்த்தார். "எங்க அத்தை பேரை நீ எதுக்குக் கேக்குறே?"

"அவங்களுக்கு அது எங்கிருந்து வந்துச்சு?"

"ரூபனோட மூத்த மக பேரு. வீட்டுக்கு ஒருத்தி இருப்பா. என் தம்பி பேத்திகூட மஹேலாதான். ஏன்?"

"எங்க ஹேலி அத்தையும் மஹேலாதான். ஏலியோட மூத்த மகளும்."

"எங்ககிட்ட திருடியிருப்பீங்க."

"நல்லா யோசிங்க. ஊற்றுச் சண்டைக்கு அப்புறம்தான் ரெண்டு பேருக்கும் பிள்ளைங்க பிறந்துச்சு. உங்க ஆளுங்க எங்க பேரைக் கழுதைக்கு வச்சீங்க, நாங்க உங்க பேரைப் பன்னிக்கு வச்சோம். மகளுக்கு வைப்போமா? ரெண்டு பேரும் யார்கிட்ட இருந்து எடுத்திருக்க முடியும்? சண்டைக்கு முன்னாடி அவங்களுக்குப் பொதுவா இருந்தது யாரு?"

பர்ல் தொப்பியைக் கழற்றினார். சேறு படிந்த கையால் தலையைத் தடவிக்கொண்டார்.

"அம்மா" என்றார். தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டு, "விறகை எடுத்துக்கிட்டு வான்னு சொன்னவ" என்றார்.

அவர் வீட்டிலும் அதே கதையைத்தான் சொல்லி வந்திருக்கிறார்கள் என்பது வெர்டிக்கு அப்போதுதான் தெரிந்தது. லாரிக் கூலியை அவர் நீட்டியபோது வாங்கிக்கொண்டாள். லெட்ஃபர்டிடம் லெட்ஃபர்ட் இனாமாக வேலை வாங்குவதில்லை.

டாயிலிடம் சொன்னபோது அவன் அதை எல்லாப் பக்கமும் புரட்டிப் பார்த்தான். ஓட்டை கிடைக்கவில்லை. "சரி, வெட்டச் சொல்றேன்" என்றான். "ஆனா அவங்க நம்ம ஞாயித்துக்கிழமைக்கு வரக்கூடாது."

"பேரைப் பாதி அவங்கதானே காப்பாத்தி வச்சிருந்தாங்க. அவங்க வராம கல்லை நடறதுன்னா, நீயே தோள்ல தூக்கிக்கிட்டுப் போய் நடு. என் லாரி வராது."

குன்றுக்கு வேறு எந்த வண்டியும் ஏறாது என்று டாயிலுக்குத் தெரியும்.

மே கடைசி ஞாயிறு, கீழ் ஓடைக்காரர்கள் குன்றேறி வந்தார்கள். முதலில் இரண்டு கூட்டமும் தனித்தனியாக நின்று ஒருவர் மூக்கை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரே மூக்கு. வெர்டி லாரியிலிருந்து கல்லைச் சங்கிலியில் மெல்ல இறக்க, டாயிலும் பர்லும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் குழியில் நிறுத்தினார்கள். 'மஹேலா லெட்ஃபர்ட்' என்று கிடியனின் பெயருக்குச் சமமாக, அதே அளவில் செதுக்கியிருந்தது. பாதிரியார் ஜெபம் முடித்ததும் வெர்டி சொன்னாள். "இந்தப் பேரு இருக்கறவங்கல்லாம் முன்னாடி வாங்க."

டாயிலின் மருமகள் ஒருத்தி கைப்பிடித்து வர, ஹேலி அத்தை வந்தாள். கீழ் ஓடையிலிருந்து பள்ளிக்கூட ஆசிரியை ஒருத்தி வந்தாள். யாரும் எதிர்பாராமல், இந்தியானாவிலிருந்து வந்திருந்த ஒருத்தி, "எனக்கு நடுப்பேரு" என்று தயங்கித் தயங்கி வந்து சேர்ந்தாள். பர்லின் தம்பி பேத்தி வாயில் கோழிக்காலோடு நின்றாள். கல்லுக்கு முன்னால் வரிசையாக அவர்கள் நின்றதை வெர்டி பார்த்துக்கொண்டே இருந்தாள். கோர்ட்டில் எரிந்ததெல்லாம் இங்கே நடமாடிக்கொண்டல்லவா இருந்தது.

அப்புறம் துணி விரித்துச் சாப்பிட்டார்கள். பொரித்த கோழி, பீன்ஸ், சோள ரொட்டி, ஆப்பிள் அடுக்குக் கேக். கீழ் ஓடைக் கேக் ஒரு படி மேலாக இருந்ததை மேல் ஓடைப் பெண்கள் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. தட்டு மட்டும் காலியானது.

இரண்டு ஞாயிறையும் ஒன்றாக்கிவிடலாமே என்று பாதிரியார் கேட்டுப் பார்த்தார். டாயிலும் பர்லும் முதல்முறையாக ஒரே குரலில் முடியாது என்றார்கள். அதனால் இன்றும் இரண்டு ஞாயிறுதான். வெர்டி இரண்டுக்கும் போனாள், சாகிறவரை. ஜூன் ஞாயிற்றில் அவள் லாரி குன்றேறும் சத்தம் கேட்டதும் பர்ல் எழுந்து, "தட்டைப் பெருசா வைங்கடி, மேல் ஓடைக்காரி வர்றா" என்பார். பெரிய தட்டாகத்தான் வைப்பார்கள்.