படத்தில் இல்லாத கை

நான் கும்பிடுவது தோரையும் ஃப்ரிக்கையும். கிறிஸ்தவம் வருவதற்கு முன்னால் ஐரோப்பாவின் வடகோடியில் இருந்த தெய்வங்கள். இதைத் தமிழில் எழுதும்போது எனக்கே கொஞ்சம் சிரிப்பு வருகிறது. பெயரைச் சொன்னதும், "படத்துல சுத்தியலோட வருவாரே, அவரா?" என்று கேட்பார்கள். அவர்தான், ஆனால் அந்த மாதிரி இல்லை என்று விளக்கி விளக்கி அலுத்துவிட்டது.

நியூ ஜெர்சியில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் அம்மா இறந்துபோனார். என் விசா பாதியில் நின்றிருந்தது. போனால் திரும்பி வருவது சந்தேகம் என்று வக்கீல் சொன்னார். மகளுக்கு அப்போது மூன்று வயது. கணவரும் நானும் பிரிவதற்கான காகிதங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த நேரம். தம்பி வீடியோவில் சடங்குகளைக் காட்டினான். நான் ஃபோனைச் சமையலறைத் தண்ணீர்க் குழாயில் சாய்த்து வைத்து, நின்றுகொண்டே பார்த்தேன்.

ஒரு மாதம் கழித்து, ஆய்வுக்கூடத்தில் என்னோடு வேலை பார்த்த ஒரு மினசோட்டாக்காரப் பெண்மணி தன் வீட்டுக் குளிர்காலக் கூடுகைக்கு அழைத்தார். என்னைவிட இருபது வயது மூத்தவர். அவர் வீட்டில் ஒன்பது பேர் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். மாட்டுக் கொம்பில் தேன் மது கை மாறி வந்தது. முதல் சுற்றில் தெய்வங்களை வாழ்த்தினார்கள். இரண்டாம் சுற்றில் அவரவர் இழந்தவர்களை. கொம்பு என்னிடம் வந்தபோது அம்மாவின் பெயரைச் சொன்னேன். தாலுகா ஆபீஸில் டைப்பிஸ்ட்டாக இருந்தார், யார் பேசினாலும் நடுவில் குறுக்கிடாமல் கேட்பார் என்று சொன்னேன். அந்த ஒன்பது பேரும் அம்மாவின் பெயரைத் தப்பும் தவறுமாகத் திருப்பிச் சொல்லிவிட்டுக் குடித்தார்கள். யாரும் ஆறுதல் சொல்லவில்லை. விதி, கர்மா என்று எதையும் பேசவில்லை. நான் அந்தக் குழுவிலேயே தங்கிவிட்டேன்.

இந்த வழிபாட்டில் வெள்ளைக்காரர்களுக்கு மட்டும்தான் இடம் என்று சொல்லும் கூட்டங்களும் உண்டு. சுத்தியலையும் பழைய எழுத்துகளையும் பச்சை குத்திக்கொண்டு வெறுப்பைப் பேசுகிறவர்கள். எங்கள் குழுவின் முதல் விதியே அவர்களோடு எந்த ஒட்டும் உறவும் இல்லை என்பதுதான். சேர்ந்த அன்றே அதை எனக்குப் படித்துக் காட்டினார்கள்.

பிறகு கலிஃபோர்னியாவுக்கு வேலை மாறியது. முதலில் சான்டா கிளாராவில் ஒரு அபார்ட்மென்ட், அப்புறம் பிளசன்டனில் சொந்த வீடு. என் பக்தி பெரிய ஆர்ப்பாட்டம் இல்லாதது. சாப்பாட்டு மேஜைக்குப் பக்கத்தில் ஒரு மரத் தட்டு, அதில் கையகல இரண்டு சிலைகள். வியாழக்கிழமை தோருடைய நாள். அன்று சாயங்காலம் ரொட்டியும் ஒரு கோப்பை பியரும் படைப்பேன். பின்பக்கத்து ஓக் மரத்தடியில், அந்த நிலத்துக்கு உரிய ஆவிகளுக்கு ஓட்ஸ் கஞ்சி வைப்பேன். அணில்தான் சாப்பிடும். கழுத்தில் வெள்ளியில் சின்னதாக ஒரு சுத்தியல். ஃப்ரீவேயில் ஏறும்போது அதைத் தொட்டுக்கொள்வேன்.

இவையெல்லாம் சுலபம். வாக்கைக் காப்பாற்றுவதுதான் கஷ்டம். எங்கள் வழக்கத்தில் சொன்ன சொல்லுக்கு எடை அதிகம். போகப் போவதில்லை என்று தெரிந்தே "கண்டிப்பா வர்றேன்" என்று சொல்லும் பழக்கத்தைக்கூட விட்டுவிட்டேன். இதனால் இங்கே தமிழ்க் குடும்பங்களிடம் எனக்குத் திமிர் பிடித்தவள் என்று ஒரு பேர் உண்டு.

அதைப் பொருட்படுத்தாத ஒரே ஆள் என் தோழி. சான்டா கிளாராவில் மேல்மாடியில் குடியிருந்தவள். எங்கள் பிள்ளைகள் ஒரே டேகேரில் வளர்ந்தன. நான் பிளசன்டனுக்கு வந்த மறு வருடம் அவளும் வந்துவிட்டாள். சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியில் நான் மூன்றாம் நிலைக்குப் பாடம் எடுத்தேன். அவள் கமிட்டியில் இருந்தாள். என் தெய்வங்களைப் பற்றி முழுதாகத் தெரிந்த தமிழ் ஆள் அவள் மட்டும்தான். தோர் ஒரே பந்தியில் ஒரு முழு எருதைத் தின்றுவிடுவார் என்று ஒருநாள் சொன்னேன். "சாப்பாட்டு ராமனா? அப்ப நம்ம ஊரு ஆளுதான்டி" என்று சிரித்தாள்.

போன வருடத்துக்கு முந்தைய வசந்தத்தில் அவள் கணவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். H-1B விசா. அறுபது நாளுக்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் கிளம்ப வேண்டும். முப்பத்தைந்தாவது நாள், ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், கண் வீங்கி என் வீட்டுக்கு வந்தாள்.

"கோயிலுக்குப் போய்ட்டேன், அர்ச்சனை பண்ணிட்டேன், சர்ச்ல கூட மெழுகுவர்த்தி ஏத்திட்டேன். உன் சாமிகிட்டயும் ஒரு தடவை கேளுடி."

"நீயே கேளு. நான் கூட நிக்கறேன்" என்றேன்.

ஓக் மரத்தடிக்குப் போனோம். அவள் மது தொடமாட்டாள் என்பதால் கொம்பில் ஆப்பிள் ஜூஸ் ஊற்றினேன். அவள் வேண்டியதைத் தமிழில், சத்தமாகச் சொன்னாள். குடித்தாள். மீதியை மரத்தடியில் ஊற்றினோம். உறுதி சொல்வதற்கென்று என்னிடம் ஒரு இரும்பு வளையம் இருக்கிறது. அது எதற்கு என்று கேட்டாள். சொன்னேன். சட்டென்று அதைப் பிடித்துக்கொண்டு, "உனக்கு ஒண்ணுன்னா நான் நிப்பேன்" என்றாள்.

"வேண்டாம். இங்க சும்மா எதையும் சொல்லாத" என்று கையை விலக்கப் போனேன்.

"சும்மா சொல்லல" என்று மறுபடியும் சொன்னாள்.

நாங்கள் இருவரும் கொம்பைச் சேர்த்துப் பிடித்திருக்க, என் மகள் தோழியின் ஃபோனில் ஒரு படம் எடுத்தாள். "வேலை கிடைச்சதும் அவருக்குக் காட்டணும்" என்றாள் தோழி. அன்றே எனக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவைத்தாள். கணவருக்கு வேலை கிடைத்தது. தெய்வம் கொடுத்தது என்று நான் சொல்லமாட்டேன், அவர் கெட்டிக்காரர். அவள் சர்க்கரைப் பொங்கல் செய்துகொண்டு வந்து தோர் முன்னால் வைத்தாள். நெய் வழிந்து மரத் தட்டில் கறை பிடித்தது.

அடுத்த வருடம் பள்ளி தொடங்கி சில வாரங்களில், மூன்றாம் நிலைப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு அப்பா ஒரு படத்தைப் போட்டார். அதில் நான் மரத்தடியில் கொம்போடு நிற்கிறேன். கழுத்தில் சுத்தியல் தெளிவாகத் தெரிகிறது. கீழே ஒரு செய்தி இணைப்பு, இந்தச் சின்னங்களை வெள்ளை இனவெறியர்கள் பயன்படுத்துகிறார்கள் என்று. 'நம்ம குழந்தைங்களோட டீச்சர் இவங்கதானா?' என்று ஒரு கேள்வி. சமைத்துக்கொண்டிருந்த நான் அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். மகள் ஃபோனை வாங்கிப் பார்த்தாள். அவளுக்கு இப்போது பதினாறு வயது. தமிழ் நன்றாகப் புரியும், பதில் ஆங்கிலத்தில்தான்.

"அம்மா, திஸ் இஸ் மை பிக்சர். ஐ டுக் இட்."

நான் உற்றுப் பார்த்தேன். படத்தின் இடது ஓரம் வெட்டப்பட்டிருந்தது. கொம்பின் அடிப்பக்கத்தில் பாதி விரலும் தோழியின் பச்சை வளையலில் ஒரு துண்டும் மட்டும் மிஞ்சியிருந்தன.

"ஷி க்ராப்ட் ஹெர்செல்ஃப் அவுட்" என்றாள் மகள்.

நான் நம்பவில்லை. தோழியின் ஃபோனிலிருந்து வேறு யாரோ எடுத்திருக்க வேண்டும் என்று மகளோடு வாதாடினேன். தோழியை நாலு முறை அழைத்தேன். எடுக்கவில்லை. 'பிஸி, சனிக்கிழமை பாக்கலாம்' என்று ஒரு வரி வந்தது.

சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் நூலக அறையில் கமிட்டி கூடியது. ஆறு பேர். தோழி என்னைப் பார்க்காமல் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். பள்ளி முதல்வர் கோயம்புத்தூர்க்காரர், ரொம்ப மரியாதையான மனிதர்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். பேரன்ட்ஸ் கேக்கறாங்க, நாங்க பதில் சொல்லோணுமில்லங்க?"

நான் பதில் சொன்னேன். சுத்தியல் தாயத்து மாதிரி, காப்புக்காகப் போடுவது. வெறியர்கள் அதைத் திருடிக்கொண்டார்கள். எங்கள் குழு அவர்களைச் சேர்ப்பதில்லை. "என் நிறத்தைப் பாருங்க. நான் எப்படி வெள்ளை இனவெறியரா இருக்க முடியும்?" என்றேன். யாரோ சிரித்தார்கள். ஒரு நிமிடம், எல்லாம் சரியாகிவிட்டது என்றுகூட நினைத்தேன்.

ஒரு அம்மா கேட்டார்: "அதெல்லாம் ஓகே. ஆனா நீங்க இப்ப எந்த மதம்? கிளாஸ்ல பசங்ககிட்ட இதைப் பத்தி பேசிருக்கீங்களா?"

"ஒரு தடவைகூட இல்லை. நான் அங்க ல, ள, ழ மட்டும்தான் சொல்லித்தர்றேன்."

முதல்வர் தோழி பக்கம் திரும்பினார். "நீங்க இவங்ககூட க்ளோஸ் ஆச்சுங்களே. உங்களுக்கு இது தெரியுமுங்களா?"

தோழி தன் கைப்பையின் ஜிப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "இல்ல சார். எனக்கு இதெல்லாம் தெரியாது. போட்டோ பாத்துட்டு நானே ஷாக் ஆயிட்டேன்."

என் ஃபோன் மடியில் இருந்தது. முழுப் படமும் அதில் இருந்தது: அவள் முகம், அவள் கை, அவள் சிரிப்பு. ஒரு தட்டு தட்டினால் போதும். நான் தட்டவில்லை. என் கொம்பில் குடித்த விருந்தாளியைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று அப்போது முடிவெடுத்ததாகப் பிறகு எல்லோரிடமும் சொன்னேன். நிஜம் அது இல்லை. அவள் அடுத்த நொடி தன் பேச்சைத் தானே திருத்திக்கொள்வாள் என்று காத்திருந்தேன். அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் முதல்வர் நன்றி சொல்லிவிட்டார். நாற்காலிகளை மடக்கத் தொடங்கிவிட்டார்கள்.

மறுநாள் காலை அவள் வீட்டுக்குப் போனேன். கராஜ் கதவு திறந்திருந்தது. காஸ்ட்கோ கடைச் சாமான்களை இறக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் தண்ணீர் பாட்டில் கட்டைக் கீழே வைத்தாள்.

"ஏன்டி?" என்றேன்.

"பாட்லக் விருந்துல கேட்டாங்கடி. 'நீங்க ரெண்டு பேரும் ஏதோ சூனியப் பூஜை பண்றீங்களாமே'ன்னு. எல்லார் முன்னாடியும். நான் இல்ல, அவ மட்டும்தான்னு சொன்னேன். நம்பல. அதான் போட்டோவ அனுப்பினேன். ஒருத்தருக்குத்தான் அனுப்பினேன்."

"வெட்டி அனுப்பினியா?"

அவள் பாட்டில் கட்டைக் காலால் ஓரமாகத் தள்ளினாள். பிறகு, "உனக்கென்ன, நீ தனி ஆளு. யார் என்ன சொன்னாலும் கவலப்பட மாட்ட. எனக்குக் குடும்பம் இருக்கு. நீ புரிஞ்சுக்குவேன்னு நெனச்சேன்" என்றாள்.

"என் பொண்ணு குடும்பம் இல்லையா?"

"அப்படிச் சொல்லல..."

அந்த நேரம் அவள் கணவர் உள்ளிருந்து வந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, பாட்டில் கட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். அவருக்கு மரத்தடி விஷயம் எவ்வளவு தெரியும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் வண்டியில் ஏறினேன். மெயின் ரோடு வரைக்கும் சீட் பெல்ட் போடாததற்கு வண்டி கத்திக்கொண்டே வந்தது, அங்கே போன பிறகுதான் எனக்கு அது காதில் விழுந்தது.

அந்த வாரமே பள்ளியிலிருந்து பெற்றோர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போனது. சொந்தக் காரணங்களுக்காக நான் விலகிக்கொண்டேனாம். நான் விலகவில்லை, விலக்கப்பட்டேன், அந்த வரியைத் திருத்துங்கள் என்று எழுதினேன். பதில் இல்லை. இரண்டு வாரம் கழித்து மூன்றாம் நிலைக்குப் புது ஆசிரியை வந்தார். என் தோழிதான். நான் மூன்று வருடமாக உட்கார்ந்து தயாரித்த பயிற்சித் தாள்களைத்தான் கொடுக்கிறாள் என்று ஒரு மாணவியின் அம்மா ஃபோனில் சொன்னார். "உங்க தாளு ரொம்ப ஈஸியா புரியுது மேடம்" என்றார், பாராட்டு என்று நினைத்து.

மினசோட்டாப் பெண்மணியிடம் ஃபோனில் எல்லாவற்றையும் சொன்னேன். குழுவின் சார்பில் பள்ளிக்கு ஒரு கடிதம் எழுதட்டுமா என்றார். வேண்டாம் என்றேன். என் கடவுளுக்கு ஒரு வெள்ளைக்காரர் சான்றிதழ் கொடுக்கும்படி ஆகிவிடும் என்று தோன்றியது. வாக்கை மீறியவர் பெயரைக் கூடுகையில் வெளிப்படையாகச் சொல்வது எங்கள் வழக்கம். "அவள் பேரை உன் கூடுகையில் சொல்வாயா?" என்று மட்டும் அவர் கேட்டார்.

இங்குள்ள எங்கள் குழுவின் இலையுதிர் காலக் கூடுகை சான்டா குரூஸ் மலையில் ஒருவர் வீட்டில் நடந்தது. கொம்பு என்னிடம் வந்ததும், பெயரைச் சொல்லாமல், நடந்ததை முழுக்கச் சொன்னேன். சொன்னால் பாரம் இறங்கும் என்று நம்பியிருந்தேன். இறங்கவில்லை. அதுகூட எனக்குக் கோபமாக இருந்தது. திரும்பி வரும்போது மகள்தான் வண்டி ஓட்டினாள். வளைவான மலைப்பாதை. இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"டிட் யூ ஃபர்கிவ் ஹெர்?"

"இல்ல."

"வில் யூ?"

"தெரியல. நீ ரோட்டப் பாரு."

அதற்குப் பிறகும் வியாழக்கிழமைப் படையலை நான் நிறுத்தவில்லை. தெய்வங்கள் மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் வீட்டுக்கு வருகிறவரை நெருப்பருகே உட்காரவைத்து, தண்ணீரும் சாப்பாடும் கொடுத்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்க வேண்டும் என்பது எங்கள் வழக்கத்தில் முதலிடம் பெற்ற கடமை. அதைத்தான் இப்போது செய்ய முடியவில்லை. போன மாதம் பக்கத்துத் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு தமிழ்ப் பெண், கைக்குழந்தையோடு, நல்ல பீடியாட்ரிஷியன் யாரென்று கேட்டு வந்தாள். வாசலிலேயே நின்று பெயரையும் எண்ணையும் எழுதிக் கொடுத்தேன். அவள் நன்றி சொல்லிவிட்டு ஒரு கணம் தயங்கினாள். குழந்தை என் சுத்தியலைப் பிடிக்கக் கையை நீட்டியது. "உள்ள வாங்க" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.